குருத்தணு கொழுப்பணுவாகும் வழி: உயிரணுக் குறிகை மரபணுக்களும் தமிழக மக்களின் உடற்கொழுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மனித உடலில் கொழுப்பைச் சேமிக்கும் உயிரணுக்கள் குருத்தணுக்களிலிருந்து தோன்றுகின்றன. ஒரே குருத்தணு எலும்பாக்க அணுவாகவோ, குருத்தெலும்பு அணுவாகவோ, கொழுப்பணுவாகவோ மாறக்கூடும். எந்த வழியில் அது செல்லும் என்பதை உயிரணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் குறிகைப் புரதங்களும் அவற்றுக்குரிய மரபணுக்களும் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை அக்குறிகைகளின் செயல்முறையை விளக்கி, சென்னையிலும் புனேயிலும் நடைபெற்ற ஆய்வுகளின் துணையுடன், மெலிந்த உடலினரிடத்தும் நீரிழிவு தோன்றுவதற்கும் கொழுப்பணு உருவாக்கத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறது. கொழுப்பு மிகுதி மட்டுமன்று, கொழுப்பைத் தக்க இடத்தில் சேமிக்கும் திறன் குறைவதும் நோய்க்குக் காரணமாகும் என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: குருத்தணு, கொழுப்பணு, குறிகை, ஏற்பி, பி.பி.ஏ.ஆர்.-காமா, விண்ட் குறிகை, நீரிழிவு, ஏலமலை.

1. முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர்ப் பகுதியில் அமைந்த பொட்டிபுரம், நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் வாயிலாக அறிவியல் செய்திகளில் இடம்பெற்ற ஊராகும். போடிமெட்டு வழியாக ஏலமலைத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிச் செல்லும் தொழிலாளர்கள் வாழும் வட்டாரமும் இதுவே. சரிவில் குனிந்து காயெடுத்தும் மூட்டை சுமந்தும் வாழும் மக்களைக் காண்போர், உடற்கொழுப்பு இவர்களுக்குரிய சிக்கல் என்று எண்ணுவதில்லை. நீரிழிவு என்பது பருத்த உடலினர்க்கும் செல்வர்க்கும் வரும் நோய் என்ற கருத்து பொதுமக்களிடையே இன்றும் நிலவுகிறது.

ஆய்வுகள் இக்கருத்தை உறுதிப்படுத்தவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய நாடளாவிய ஆய்வின் முதற்கட்ட முடிவு 2011இல் வெளிவந்தது. தமிழகத்தில் வயது வந்தோருள் 10.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதை அது காட்டியது. அனைத்து மாநிலங்களையும் உள்ளடக்கி 2023இல் வெளியான முடிவின்படி இந்தியாவில் 11.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 10.1 கோடிப் பேர், நீரிழிவுடையோர். அதே ஆய்வில் பொது உடற்பருமன் 28.6 விழுக்காடாகவும் வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காடாகவும் கணிக்கப்பட்டன. எடையும் உயரமும் கொண்டு அளக்கும்போது பருமனுடையோர் என வகைப்படாத பலர், இடுப்புச் சுற்றளவை அளக்கும்போது அவ்வகையில் அடங்குகின்றனர். ஆகவே கொழுப்பின் அளவு மட்டுமன்றி அது சேரும் இடமும் ஆராயத்தக்கது. அந்த இடம் எவ்வாறு அமைகிறது என்ற வினா, கொழுப்பணு எவ்வாறு தோன்றுகிறது என்ற வினாவிற்கு இட்டுச் செல்கிறது.

2. சொல்லும் பொருளும்

சங்க இலக்கியத்தில் ஊன் விருந்தைக் கூறும் இடங்களில் 'நிணம்' என்னும் சொல் கொழுப்பைக் குறித்து வருகிறது. அங்கு நிணம் வளத்தின் அடையாளம். இன்றைய அறிவியல் தமிழில் அச்சொல் 'நிணநீர்' என்ற தொடரில் வேறொரு பொருளுக்கு உரியதாகிவிட்டது. 'கொழு' என்னும் அடியிலிருந்து அமைந்த 'கொழுப்பு' என்ற சொல்லே இன்று அப்பொருளுக்கு வழங்குகிறது. பேச்சு வழக்கில் அது செருக்கையும் குறிக்கும். வளம், செருக்கு ஆகிய இரு பொருள்களிலும் கொழுப்பு என்பது தேவைக்கு மேல் மிஞ்சியது என்ற எண்ணம் ஊடாடுகிறது.

உயிரியலிலும் நெடுங்காலம் அவ்வெண்ணமே நிலவியது. கொழுப்புத் திசு எஞ்சிய ஆற்றலை வைக்கும் செயலற்ற கிடங்காகக் கருதப்பட்டது. 1994இல் கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் என்னும் இயக்குநீருக்குரிய மரபணு கண்டறியப்பட்ட பின் இப்பார்வை மாறியது. பசியையும் ஆற்றல் செலவையும் மூளைக்கு உணர்த்தும் ஒரு சுரப்புறுப்பாகக் கொழுப்புத் திசு இன்று கொள்ளப்படுகிறது.

மூல உயிரணுவைக் குறிக்கத் தமிழில் 'தண்டுயிரணு', 'மூலச்செல்', 'குருத்தணு' ஆகிய சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் 'குருத்தணு' என்பது பொருட்பொருத்தம் மிக்கது. ஏலச்செடியின் நிலத்தடிக் கிழங்கிலிருந்து கிளம்பும் குருத்து இலைத்தண்டாக வளர்கிறது. அத்தண்டின் அடியிலிருந்து பூவும் காயும் தாங்கும் சரம் பிறக்கிறது. ஒரே செடியின் வளர்முனைகள் வெவ்வேறு உறுப்புகளாக அமைவது போலவே, ஒரே வகைக் குருத்தணுவும் தனக்குக் கிடைக்கும் குறிகைகளுக்கு ஏற்ப வெவ்வேறு உயிரணுக்களாக அமைகிறது. 'தண்டு' என்னும் சொல்லாட்சி இவ்விளமையையும் பல்வகை ஆற்றலையும் உணர்த்துவதில்லை. இக்கட்டுரையில் குருத்தணு என்ற சொல்லே ஆளப்படுகிறது. ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிற்கு அனுப்பும் வேதிச் செய்தி 'குறிகை' எனப்படும். அதனை வாங்கிக்கொள்ளும் புரதம் 'ஏற்பி' எனப்படும். உட்கருவில் மரபணுக்களை இயக்கும் புரதம் 'படியெடுப்புக் காரணி' எனப்படும்.

3. ஒரு தாய், பல கிளைகள்

வளர்ந்த மனிதரின் எலும்பு மச்சையில் உள்ள இடைத்திசுக் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, வளர்ப்பூடகத்தை மாற்றுவதன் மூலம் அவற்றைக் கொழுப்பணு, எலும்பாக்க அணு, குருத்தெலும்பு அணு ஆகிய மூவகையாகவும் மாற்றலாம் என்பது 1999இல் நிறுவப்பட்டது. கொழுப்புத் திசுவிலும் இத்தகைய குருத்தணுக்கள் இருப்பது 2001இல் தெரியவந்தது. அறுவையில் அகற்றப்பட்ட கொழுப்பிலிருந்தே எலும்பாக்க அணுக்களைப் பெறக்கூடும் என்பதால் இது மருத்துவத்தில் பெருங்கவனம் பெற்றது.

குருத்தணு கொழுப்பணுவாவது இரு கட்டங்களில் நிகழ்கிறது. முதற்கட்டம் உறுதிப்பாடு. இக்கட்டத்தில் குருத்தணு எலும்பு, தசை முதலிய பிற வழிகளைக் கைவிட்டு முன்கொழுப்பணுவாகிறது. தோற்றத்தில் மாற்றம் ஏதும் புலப்படாது. இரண்டாம் கட்டம் முதிர்ச்சி. இக்கட்டத்தில் முன்கொழுப்பணு தன் நீண்ட வடிவை இழந்து உருண்டையாகி, உள்ளே கொழுப்புத் துளிகளை நிரப்பிக்கொள்கிறது. இன்சுலினுக்கு இணங்கும் தன்மையையும் பெறுகிறது.

முதற்கட்டத்தில் எலும்பு உருவாக்கப் புரதங்கள் எனப்படும் பி.எம்.பி. குடும்பம் முதன்மையானது. பெயர் எலும்பைச் சுட்டினாலும் இவற்றின் பணி அதனுடன் அமைவதில்லை. எலியின் குருத்தணு வகையொன்றில் பி.எம்.பி.-4 புரதத்தைச் செலுத்தியபோது அவ்வணுக்கள் கொழுப்பு வழிக்கு உறுதிப்பட்டன என 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. பி.எம்.பி.-7 புரதம் ஆற்றலை வெப்பமாகச் செலவிடும் பழுப்புக் கொழுப்பணுக்கள் தோன்றத் தூண்டுகிறது என்பது 2008இல் தெளிவாயிற்று. ஒரே குடும்பத்துக் குறிகைகள் சேமிக்கும் கொழுப்பையும் செலவிடும் கொழுப்பையும் உருவாக்குகின்றன என்பது இதனால் பெறப்படும்.

4. முதன்மைச் சாவி: பி.பி.ஏ.ஆர்.-காமா

இரண்டாம் கட்டத்தைப் பற்றிய அறிவு, அமெரிக்காவில் ஹோவர்டு கிரீன் 1970களில் எலிக்கருவின் உயிரணுக்களிலிருந்து உருவாக்கிய 3டி3-எல்1 என்னும் முன்கொழுப்பணு வரிசையிலிருந்து பெரிதும் கிடைத்தது. இன்சுலின், டெக்சாமெத்தசோன், உயிரணுவுக்குள் சுழல் ஏ.எம்.பி. அளவை உயர்த்தும் ஒரு வேதிப்பொருள் ஆகிய மூன்றையும் சேர்த்து அளித்தால், இவ்வணுக்கள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் கொழுப்புத் துளிகள் நிறைந்தவையாகின்றன. சிவப்புச் சாயமேற்றி அத்துளிகளை நுண்ணோக்கியில் காணலாம்.

இம்மூன்று தூண்டல்களும் உட்கருவை அடையும் முறை ஒரு தொடர் ஓட்டத்தை ஒத்தது. தூண்டல் பெற்ற சில மணி நேரத்தில் சி.இ.பி.பி.-பீட்டா, சி.இ.பி.பி.-டெல்டா ஆகிய படியெடுப்புக் காரணிகள் தோன்றுகின்றன. அவை பி.பி.ஏ.ஆர்.-காமா, சி.இ.பி.பி.-ஆல்பா ஆகிய இரண்டின் மரபணுக்களை இயக்குகின்றன. பின்னிரண்டும் ஒன்றையொன்று தூண்டிக்கொள்வதால், தொடக்கத் தூண்டல் நின்ற பின்னரும் இயக்கம் நிற்பதில்லை. கொழுப்பை உள்வாங்கும் புரதம், கொழுப்பைத் தொகுக்கும் நொதிகள், துளியைச் சூழும் உறைப்புரதம், அடிபோநெக்டின் என்னும் இயக்குநீர் முதலியவற்றின் மரபணுக்கள் இவற்றின் ஆணைக்கு உட்பட்டவை.

இவற்றுள் பி.பி.ஏ.ஆர்.-காமாவே முதன்மைச் சாவி. 1994இல் ஸ்பீகல்மன் குழுவினர் இம்மரபணுவை நார்த்திசு அணுக்களில் செலுத்தி அவற்றைக் கொழுப்பணுக்களாக மாற்றிக் காட்டினர். இம்மரபணு இல்லாத உயிரணுக்கள் கொழுப்பணுக்களாவதில்லை என்பது 1999இல் உறுதியாயிற்று. சி.இ.பி.பி.-ஆல்பா இருப்பினும் பி.பி.ஏ.ஆர்.-காமா இல்லையெனில் மாற்றம் நிகழாது என்பது 2002இல் அறியப்பட்டது. பிற காரணிகள் துணைபுரியலாம். இதற்கு மாற்றாக நிற்பது எதுவும் இல்லை.

5. தடுக்கும் குறிகை: விண்ட்

கொழுப்பணு உருவாக்கம் தூண்டுதலால் மட்டும் நிகழ்வதன்று. தடை நீங்குவதாலும் நிகழ்வது. அத்தடைகளுள் விண்ட் குறிகை தலையாயது. விண்ட் புரதம் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஃபிரிசில்டு ஏற்பியையும் எல்.ஆர்.பி.-5, எல்.ஆர்.பி.-6 ஆகிய துணை ஏற்பிகளையும் பற்றுகிறது. இயல்பாகச் சிதைக்கப்படும் பீட்டா-கேட்டனின் என்னும் புரதம் அப்போது சிதைவிலிருந்து தப்பி உட்கருவுக்குள் செல்கிறது. அங்கு டி.சி.எஃப். குடும்பக் காரணிகளுடன் இணைந்து மரபணுக்களை இயக்குகிறது. இவ்வழி செயற்படும் வரை பி.பி.ஏ.ஆர்.-காமாவும் சி.இ.பி.பி.-ஆல்பாவும் தோன்றுவதில்லை.

2000இல் மெக்டூகால்டு குழுவினர் இதனை நிறுவினர். விண்ட் குறிகை முன்கொழுப்பணுக்களை முதிரவிடாமல் தடுத்தது. அதினும் வியப்புக்குரியது, தசையாக வேண்டிய அணுக்களில் விண்ட் குறிகையை முடக்கியபோது அவை கொழுப்பணுக்களாக மாறியதாகும். தடை நீங்கினால் கொழுப்பு வழியே எஞ்சி நிற்கும் வழியாகிறது என்பது இதன் பொருள்.

விண்ட் குறிகை கொழுப்பைத் தடுப்பதோடு எலும்பாக்கத்தையும் ஊக்குவிக்கிறது. எல்.ஆர்.பி.-5 மரபணு செயலிழந்தோர்க்கு இளமையிலேயே எலும்பு நலிவதும், அதன் செயல் மிகும் வகையில் மரபணு மாறியோர்க்கு எலும்பு மிகவும் அடர்ந்திருப்பதும் 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. முதுமையில் எலும்பு மெலிவதும் அதே எலும்பின் மச்சையில் கொழுப்பு மிகுவதும் உடன் நிகழ்வதற்கு, இரண்டும் ஒரே குருத்தணுவிலிருந்து தோன்றுவது ஒரு காரணமாகும்.

6. சுமையும் நடையும் குறிகைகளே

குறிகை என்பது வேதிப்பொருளாக மட்டும் அமைவதில்லை. 2004இல் வெளியான ஆய்வொன்றில், மனிதக் குருத்தணுக்கள் பரந்து விரிய இடமளிக்கப்பட்டபோது எலும்பாக்க அணுக்களாகவும், சிறிய இடத்தில் உருண்டிருக்குமாறு செய்யப்பட்டபோது கொழுப்பணுக்களாகவும் மாறின. அணுவின் உட்சட்டகத்தில் ஏற்படும் இழுவிசையை ரோ-ஏ என்னும் புரதம் உணர்ந்து கடத்துவதே இதற்குக் காரணம். குருத்தணுக்களை இயந்திரத்தால் மீண்டும் மீண்டும் இழுத்துவிட்டபோது பீட்டா-கேட்டனின் செயல் நிலைபெற்றுக் கொழுப்பணு உருவாக்கம் தடைப்பட்டதை 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. மனிதரிடத்தும் இதற்கு இணையான சான்று உண்டு. அறுபது நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்யப்பட்ட பெண் தன்னார்வலர்களின் முதுகெலும்பு மச்சையில் கொழுப்பு மிகுந்தது. எழுந்து நடமாடத் தொடங்கி ஓராண்டு கழிந்த பின்னும் அம்மாற்றம் முழுமையாக நீங்கவில்லை.

ஏலமலைச் சரிவில் ஏறி இறங்குவதும் சுமை தூக்குவதும் இவ்வகையில் குருத்தணுவை எட்டும் செய்திகளாகும். அச்செய்தி குறையும்போது, உண்ணும் உணவு மாறாவிடினும், குருத்தணுக்களின் போக்கு மாறக்கூடும். மலையேறி உழைத்த தலைமுறையின் பிள்ளைகள் அமர்ந்து செய்யும் பணிகளுக்குச் செல்லும் எல்லாச் சிற்றூர்களுக்கும் இது பொருந்தும். எனினும் ஆய்வகத் தட்டில் கண்ட விளைவை ஓர் ஊரின் மக்களுக்கு நேரடியாக ஏற்றிக் கூறுவது முறையன்று. உணவு, உறக்கம், கருவில் பெற்ற ஊட்டம் ஆகியனவும் உடன் செயற்படுகின்றன.

7. இந்தியச் சான்றுகள்

கொழுப்பணு உருவாக்க மரபணுக்கள் எல்லா மக்களிடத்தும் ஒரே வகையில் செயற்படுகின்றனவா என்ற வினாவிற்குச் சென்னையிலிருந்து குறிப்பிடத்தக்க விடை கிடைத்தது. பி.பி.ஏ.ஆர்.-காமா புரதத்தின் 12ஆம் இடத்தில் புரோலினுக்கு மாற்றாக அலனின் அமைந்தோர்க்கு நீரிழிவு குறைவு என ஐரோப்பிய மரபினரிடம் நடத்திய ஆய்வுகள் கூறின. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் ராதா, மோகன் ஆகியோரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சென்னையில் வாழ்வோரையும், டல்லாஸ் நகரில் வாழும் தெற்காசியரையும், அந்நகரின் வெள்ளை இனத்தவரையும் ஒப்பிட்டு 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். வெள்ளை இனத்தவர்க்குக் காப்பளித்த அம்மாற்றம் தெற்காசியர்க்குக் காப்பளிக்கவில்லை. வாழுமிடம் மாறிய தெற்காசியரிடத்தும் அவ்வாறே இருந்தமையால், சூழலை மட்டும் காரணமாகக் கூற இயலவில்லை. ஒரு மக்களினத்தில் பெற்ற மரபணு முடிவைப் பிறிதோர் இனத்திற்கு அப்படியே பொருத்தலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

விண்ட் வழியின் இறுதியில் செயற்படும் டி.சி.எஃப்.7எல்2 மரபணுவின் நிலை வேறு. இதன் மாறுபாடுகளுக்கும் நீரிழிவிற்கும் உள்ள தொடர்பு 2006இல் ஐஸ்லாந்திலிருந்து அறிவிக்கப்பட்டது. 2007இல் சென்னையிலும் புனேயிலும் நடந்த ஆய்வுகள் இந்தியரிடத்தும் அத்தொடர்பை உறுதிப்படுத்தின. ஆயினும் இம்மாறுபாடு முதன்மையாகக் கணையத்தின் இன்சுலின் சுரப்பைக் குறைப்பதாகவே கொள்ளப்படுகிறது. ஒரு குறிகை மரபணு கொழுப்பணுவில் ஒரு பணியையும் கணையத்தில் பிறிதொரு பணியையும் ஆற்றுவதால், மரபணுவின் பெயரைக் கொண்டு நோயின் இடத்தை முடிவு செய்தல் பிழையாகும்.

எஃப்.டி.ஓ. மரபணுப் பகுதியும் இவ்வுண்மையை வலியுறுத்துகிறது. 2007இல் உடற்பருமனுடன் தொடர்புபடுத்தப்பட்ட இப்பகுதியின் மாற்றம், எஃப்.டி.ஓ.வை விடுத்துத் தொலைவிலுள்ள ஐ.ஆர்.எக்ஸ்.-3, ஐ.ஆர்.எக்ஸ்.-5 ஆகிய மரபணுக்களை மிகுதியாக இயக்குகிறது என 2015இல் கண்டறியப்பட்டது. அதனால் முன்கொழுப்பணுக்கள் ஆற்றலைச் செலவிடும் வகையாக ஆகாமல் சேமிக்கும் வகையாக மாறுகின்றன.

உடலமைப்பு குறித்த சான்றுகள் புனேயிலிருந்து வந்தன. புனேயை ஒட்டிய சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராம், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தோரின் எடை 3.5 கிலோகிராம். இந்தியக் குழந்தைகளின் தசையும் வயிற்றுள் உறுப்புகளும் பெரிதும் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்போ அந்த அளவிற்குக் குறையவில்லை. மெலிந்து பிறந்தும் கொழுப்பு விகிதம் மிக்க இவ்வமைப்பை யாஜ்னிக் 'மெலிந்த கொழுத்த குழந்தை' என்னும் பொருளில் பெயரிட்டார். அவரும் பிரித்தானிய ஆய்வாளர் யட்கினும் 2004இல் தம் உடல்களையே ஒப்பிட்டு வெளியிட்டனர். இருவரின் உடல் நிறைக் குறியீடும் 22.3, உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு.

8. சேமிப்பிடம் போதாமையின் விளைவு

மேற்கண்ட செய்திகளை இணைக்கும் கருத்து, கொழுப்புத் திசுவின் விரிதிறன் பற்றியது. மிஞ்சிய ஆற்றலைச் சேமிக்க உடலுக்கு இருவழிகள் உள்ளன. குருத்தணுக்களிலிருந்து புதிய கொழுப்பணுக்களைத் தோற்றுவித்தல் ஒன்று. இருக்கும் அணுக்களைப் பெருக்கச் செய்தல் மற்றொன்று. முதல்வழி குன்றியவிடத்து, இருக்கும் அணுக்கள் வீங்கி இன்சுலினுக்கு இணங்கும் தன்மையை இழக்கின்றன. இடமின்றி வழியும் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் சேர்கிறது. நெல் விளைந்தும் களஞ்சியம் போதாத வீட்டில் முற்றமெங்கும் நெல் குவிவதை ஒத்தது இது. தெற்காசிய ஆடவரின் தோலடிக் கொழுப்பணுக்கள் வெள்ளை இன ஆடவரின் அணுக்களைவிடப் பெரியவை என்றும், அவர்களிடம் அடிபோநெக்டின் குறைவு என்றும் 2007இல் வெளியான ஒப்பாய்வு காட்டியது இக்கருத்திற்கு இயைகிறது.

இதற்கு மரபணுச் சான்றும் உண்டு. பி.பி.ஏ.ஆர்.-காமா மரபணு பழுதுற்றோரின் கைகால்களில் கொழுப்பு இராது, மெலிந்து காணப்படுவர். எனினும் அவர்களுக்குக் கடுமையான இன்சுலின் தடையும் நீரிழிவும் கல்லீரல் கொழுப்பும் உண்டாகின்றன. கொழுப்பு இல்லாமையே கொழுப்பின் நோயைத் தருகிறது.

அதே ஏற்பியை இயக்கும் கிளிட்டசோன் வகை மருந்துகள் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. இம்மருந்துகள் பி.பி.ஏ.ஆர்.-காமாவைப் பற்றுவது 1995இல் அறியப்பட்டது. இவற்றை உட்கொள்வோரின் எடை கூடுகிறது. ஆயினும் குருதிச் சர்க்கரை குறைகிறது. தோலடியில் புதிய கொழுப்பணுக்கள் தோன்றிக் கல்லீரலின் சுமையைக் குறைப்பது அதற்கு ஒரு காரணம். விலையும் உண்டு: உடலில் நீர் தேங்குகிறது, பெண்களிடம் எலும்பு முறிவு மிகுகிறது. குருத்தணு கொழுப்பு வழிக்குத் திரும்பினால் எலும்பு வழி குன்றும் என்ற முற்கூறிய நெறியுடன் இது பொருந்துகிறது. இதய நலன் கருதி ரோசிகிளிட்டசோன் 2010இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பயோகிளிட்டசோன் 2013 ஜூனில் நிறுத்தப்பட்டு, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறித்த எச்சரிக்கையுடன் அடுத்த மாதமே மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

கொழுப்பணுக்களின் எண்ணிக்கை எப்பருவத்தில் அமைகிறது என்பதற்கு அணுக்கரு இயற்பியல் வழி விடை கிடைத்தது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் மிகுந்த கார்பன்-14, உயிரணுக்களின் மரபுப்பொருளில் அவை பிறந்த காலத்தைக் குறித்து வைத்தது. அதனை அளந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, கொழுப்பணுக்களின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் அமைந்து, பின்னர்ப் பெரிதும் மாறாதிருப்பதையும், ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு அணுக்கள் மடிந்து புதியன தோன்றுவதையும் காட்டியது. எடை குறைந்தாலும் எண்ணிக்கை குறைவதில்லை.

9. முடிவுரை

குருத்தணு கொழுப்பணுவாவது ஒற்றை மரபணுவின் ஆணையால் நிகழ்வதன்று. பி.எம்.பி. குறிகை வழியைத் திறக்கிறது. விண்ட் குறிகையும் உடலியக்கத்தின் இழுவிசையும் தடுக்கின்றன. தடை நீங்கியவிடத்துப் பி.பி.ஏ.ஆர்.-காமா மாற்றத்தை நிறைவேற்றுகிறது. இம்மரபணுக்களின் மாறுபாடுகள் தமிழக மக்களிடம் வேறு வகையில் விளைவதைச் சென்னை ஆய்வு உணர்த்துகிறது. ஆகவே பிற நாட்டு முடிவுகளை மொழிபெயர்த்துக் கொள்வது போதாது. இம்மண்ணின் மக்களிடத்தே ஆய்வு நிகழ்தல் வேண்டும்.

நடைமுறையில் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மெலிந்த உடல் நோயின்மைக்குச் சான்றாகாது. இந்தியர்க்கு இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டர், பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டர் என வரையறுக்கப்பட்டிருப்பது இதனாலேயே. ஏலமலைத் தோட்டத் தொழிலாளரின் உடல்நலச் சோதனையில் எடைப்பொறியுடன் அளவுநாடாவும் குருதிச் சர்க்கரைச் சோதனையும் இடம்பெறுதல் தகும். இரண்டாவது, கொழுப்பணுக்களின் எண்ணிக்கை இளமையில் அமைவதால், தாயின் ஊட்டமும் பிள்ளைகளின் ஓட்டமும் விளையாட்டுமே காலத்தே செய்யும் காப்பாகும்.

கொழுப்பைச் செருக்கின் பெயராகவும் மிஞ்சியதன் பெயராகவும் கொண்ட வழக்கு மாறி, அது உடலின் இன்றியமையாத உறுப்பு என்னும் தெளிவு ஏற்படும்போதுதான், பருத்தவரைப் பழிப்பதும் மெலிந்தவரைச் சோதிக்காமல் விடுவதும் ஆகிய இரு தவறுகளும் நீங்கும். அத்தெளிவைத் தாய்மொழியில் தருவது அறிவியல் தமிழின் கடமையாகும்.